பனியில் வைத்த மருந்து

பழனி அடிவாரம்
7-4-2024

அன்புள்ள மதினிக்கு உங்கள் நாத்தனார் புவனா எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. சுகமாக வழி இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அந்த வழியைத்தான் எழுதப் போகிறேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நீங்கள் அசந்து தூங்கிவிட்டீர்கள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து "என்ன புவனா சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டார். ஆக, ஒழுங்காகக் கேட்டுக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

உங்கள் தலைக்குள்ளே கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் பிரசவத்துக்குக் கொடைக்கானலுக்கு ஜீப்பில் போனபோது, வழியிலேயே அவ்வளவு ரத்தம் போனதே, அதில் பிள்ளையும் போனது, அந்தச் சுரப்பியும் வாடிவிட்டது. அப்புறம் உங்களுக்கு முடி கொட்டியதும், எந்நேரமும் குளிர்கிறது என்று அடுப்பங்கரையை விட்டு நகராததும் எல்லாம் அதனால்தான். "சுப்புராஜ் பொண்டாட்டி சோம்பேறி" என்று பேசினவர்கள் வாயில் மண்.

ஒன்றரை வருஷமாக இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் உங்களுக்கு மூச்சு வாங்குவது நிற்கவில்லை. எக்கோ படத்தில் பம்பிங் குறைவாக இருக்கிறது, ரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக இருக்கிறது. அந்தச் சுரப்பி தர வேண்டிய வளர்ச்சி ஹார்மோன் இல்லாமல் இதயத்துத் தசை இளைத்துவிட்டதாம். வளர்ந்து முடிந்தவர்களுக்கு அது எதற்கு என்று நானும் கேட்டேன். உயரத்துக்கு வேண்டாம், இதயத்துக்கு வேண்டும் என்றார். அதை ஊசியாகப் போட்டால் கொழுப்பு குறைந்து, இதயம் பலப்பட இடம் இருக்கிறது. ஆயுசைக் கூட்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, ஆனாலும் உங்கள் இதயம் இருக்கும் நிலையில் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

தினமும் ஒரு ஊசி, வயிற்றில். பேனா மாதிரி இருக்கும். ஐஸ் டப்பாவில் வைத்துக் கண்டக்டர் மலைச்சாமியிடம் கொடுத்திருக்கிறேன். சூடு மட்டும் ஆகவே ஆகாது. வெயில் பட்டால் கெட்டுவிடும். மருந்துக் கடையில் "பிரிட்ஜ்ல வைங்க" என்றார்கள். உங்கள் ஊரே பிரிட்ஜ்தானே, எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது.

போனில் சொல்லலாம் என்றால் உங்கள் ஊரில் டவர் மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கிறது. மேடு ஏற உங்களால் ஆகாது. அண்ணனிடம் சொன்னால் பாதி வழியில் மறந்துவிடுவார். அதனால்தான் இத்தனை காலத்துக்கு அப்புறம் பேனாவைப் பிடித்தேன். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

உங்கள் மேல் உயிராக இருக்கும்,
புவனா


பூண்டி
20-4-2024

அன்புள்ள புவனாவுக்கு மதினி எழுதுவது. மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். இங்கே உங்க அண்ணன் சுகம், மாடு சுகம், நான் உன் கடிதத்தில் இருக்கிறபடி.

மருந்து வந்து சேர்ந்தது. வளர்ச்சி ஊசி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தெட்டு வயதில் வளர்ந்து நான் என்ன செய்ய, வீட்டு நிலையில் தலை இடிக்கவா? உங்க அண்ணனிடம் சொன்னேன். "வளந்தா நல்லதுதான், பரண்ல பூண்டு கட்ட ஏணி தேவையில்ல" என்றார். மனிதருக்கும் வாய் திறக்கிறது பார்.

ஊசி போடப் பழக அவர் உருளைக்கிழங்கைத் தேடிப் பிடித்தார். ஒரு நாள் பூராவும் கிழங்கைக் குத்திக் குத்திப் பார்த்தார். அப்புறம் என் வயிற்றுக்கு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். "ஏங்க, கண்ணத் தொறந்துட்டுக் குத்துங்க, குறி தப்பிரப் போகுது" என்றேன். ஆனால் வலிக்கவில்லை. இப்போது தேறிவிட்டார்.

எங்கள் வீட்டில் மருந்தை வைக்க முடியாது என்கிறார். விதைப் பூண்டு காய்வதற்காகப் பரணுக்குக் கீழே புகை போட்டுக்கொண்டே இருக்கிறோமே, அந்தச் சூடும் புகையும் ஆகாதாம். ஊரில் இருக்கிற ஒரே பிரிட்ஜ் பிச்சையம்மாள் கடையில்தான். கலர் பாட்டில்களுக்கு நடுவில் என் மருந்து உட்கார்ந்திருக்கிறது. தினமும் பொழுது சாய இவர் போய் எடுத்து வந்து போட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் வைக்கிறார்.

மேட்டுக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் தெரியாத மாதிரியே இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

பதில் போடு. பொழுது போகவில்லை.
கண்மணி


பூண்டி
28-7-2024

என் செல்ல நாத்தனாருக்கு, எல்லோரும் நலம்தானே? இங்கே ஒரு குறையும் இல்லை, இந்த வரியை மனதாரத்தான் எழுதுகிறேன்.

நேற்று நான் மேட்டில் நின்று போன் பண்ணினேனே, அந்தச் சந்தோஷத்தில் நீ அழுது அழுது பாதிப் பேச்சு எனக்குக் கேட்கவே இல்லை. விட்டதை எழுதுகிறேன்.

எனக்கு வேர்த்தது புவனா! பிள்ளை போனதில் இருந்து எனக்கு வேர்த்ததே கிடையாது. மேடு ஏறி முடித்ததும் நெற்றியில் கையை வைத்தால் ஈரம். மழைத்தண்ணி என்றுதான் நினைத்தேன். உங்க அண்ணன் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேர்வைடீ, வேர்வை" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். கேரட் கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். பெண்டாட்டிக்கு வேர்த்ததைத் தண்டோரா போட்டவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வயிறு வற்றியிருக்கிறது. கொழுப்பும் இறங்கியிருப்பதாகக் கொடைக்கானலில் ரத்தம் பார்த்துச் சொன்னார்கள். சும்மாடு வைத்துத் தண்ணீர்க் குடம் தூக்கினேன். வெள்ளனே எழுந்து வாசல் தெளிக்கிறேன். இனி இந்த மனுஷனுக்கு ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த ஊசியை எவ்வளவு காலம் போட வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்.

இப்படிக்கு, வேர்த்துப் போன மதினி
கண்மணி


பழனி அடிவாரம்
6-8-2024

அன்புள்ள மதினிக்கு, அண்ணனுக்கு, நலம் கேட்டு புவனா எழுதுவது. ஆடிக் கிருத்திகை முடிந்து இன்றைக்குத்தான் காலை நீட்டி உட்கார்ந்தேன். எங்கள் கடையில் விபூதிப் பாக்கெட் ஒன்றுகூட மிச்சமில்லை.

டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். நிறுத்தவே கூடாதாம். உங்கள் சுரப்பி இனிமேல் முளைக்கப் போவதில்லை. மருந்து நின்றால் இதயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி இளைக்க ஆரம்பித்துவிடுமாம். மறதியாகக்கூட விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் ரோடு சரிந்துவிடும், அப்புறம் தைப்பூசம் வந்தால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் ஐப்பசியில் மூன்று மாத மருந்தையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.

தைப்பூசத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் இங்கே வர வேண்டும். கல்யாணமான புதிதில் வந்தது. யானைப் பாதையில் என் கூட நடக்க வேண்டும், மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து. எனக்கு அது ஒன்றுதான் ஆசை.

உங்கள் வரவை இப்போதே எதிர்பார்க்கும்,
புவனா


பூண்டி
17-11-2024

அன்புள்ள புவனா, இங்கே மழையைத் தவிர எல்லோரும் அளவோடு நலம். உங்கள் பக்கம் எப்படி?

மதுரையில் போன மாதம் எக்கோ எடுத்ததை உங்க அண்ணன் மேட்டில் இருந்து சொல்லியிருப்பார். பம்பிங் நன்றாகக் கூடியிருக்கிறதாம். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எத்தனை வருஷத் தூக்கமோ.

நீ அனுப்பிய மூன்று மாத மருந்தும் வந்தது. வந்த நேரம் பார், மரம் விழுந்து கரண்டு போனது போனதுதான். பிச்சையம்மாள் கடைப் பிரிட்ஜைத் திறந்தால் உள்ளே துளிக் குளிர்ச்சி இல்லை. இவர் பதறிப் போய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்துவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாகத் தகரத்தில் ஒரு பெட்டி செய்து, கொல்லைப் பக்கம் கேரட் கழுவுகிற பள்ளத்தில் நாலு கல்லின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார். வெயிலே எட்டிப் பார்க்காத இடம். பெட்டிக்குப் பூட்டு வேறு. "கரண்டு வேண்டாத பிரிட்ஜு, கம்பெனிக்காரன் பாத்தா வெலைக்குக் கேப்பான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கரண்டு வந்த பிறகும் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக மனசில்லை. அந்தப் பெட்டியைத் திறக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சாமி அலங்காரத்துக்குத் திரை விலக்குகிற மாதிரி.

தைப்பூசத்துக்குக் கட்டாயம் வருகிறோம். நல்ல சேலை ஒன்று எடுத்து வை, காசு நான் தர மாட்டேன்.

கண்மணி


பூண்டி
29-12-2024

அன்புள்ள புவனாவுக்கு, மாப்பிள்ளைக்கு இருமல் தேவலையா? பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை முடிந்திருக்கும். இங்கே இருக்கிறோம்.

இந்த வருஷம் உறைபனி முந்திக்கொண்டது. காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி கெடக்கு. பள்ளத்தில்தான் அதிகம். உருளைக்கிழங்குச் செடி ஒரே ராத்திரியில் கருகிப் போனது. மேட்டுப் பக்கம் போகவில்லை, மூடுபனியில் வழி தெரிவதில்லை. கால்விரலில் மெட்டி இறுகுகிறது, குளிருக்குக் கால் ஊதும் போலிருக்கிறது. வேறொன்றுமில்லை.

உங்க அண்ணன் தினமும் பொழுது சாயத் தவறாமல் ஊசி போடுகிறார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். இந்த மருந்து ஒருவருக்கு இரண்டு மூன்று மாதம் இல்லாமல் போனால் என்ன ஆகும்? அதுவரைக்கும் இதயம் தாங்குமா? டாக்டரம்மாவிடம் கேட்டு எழுது. எனக்காக இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான். போனில் உங்க அண்ணனிடம் இதைக் கேட்க வேண்டாம். தைப்பூசச் சோலிக்கு நடுவிலே முடிந்தால் வெரசா பதில் போடு.

கண்மணி


பழனி அடிவாரம்
2-2-2025

மதினிக்கு, புவனா எழுதுவது. நலம் கேட்கிற நிலையில் நான் இல்லை, மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று பாதயாத்திரைக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. நின்றுகொண்டே படித்துவிட்டு, எல்லாம் நலம் என்றுதான் நினைத்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தேன். பதில் எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று ஒரு மாதம் ஓடிவிட்டது.

நேற்று அடுத்த மருந்து வாங்கத் திண்டுக்கல் போனேன். மருந்துக் கடைப் பெண்ணிடம் அண்ணனுடைய கரண்டு இல்லாத பிரிட்ஜைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அங்க உறைபனி விழுமாக்கா? மருந்து உறைஞ்சுச்சா?" என்று கேட்டாள். சூட்டையாவது கொஞ்ச நேரம் தாங்குமாம். உறைந்தால் அத்தோடு சரியாம், மறுபடி உருகினாலும் உயிர் கிடையாதாம். அதைப் போடுவதும் பச்சைத் தண்ணீரைப் போடுவதும் ஒன்று என்றாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் உங்கள் கேள்வி எனக்கு உறைத்தது. மதினி, உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள். அந்த மருந்து உறைந்துதானே போனது? எத்தனை நாளாக அதைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? ஏன் சொல்லவில்லை?

உங்கள் ஊரே பிரிட்ஜ் என்று எழுதியவள் நான். எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்று எழுதியவளும் நான். கடையில் அதைச் சொல்லவில்லை, அது என் சொந்தச் சரக்கு. பழனி வெயிலில் நிற்கிறவளுக்குச் சூட்டைத் தவிர வேறு பயம் தெரியவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கப் போனை எடுத்தேன். கேட்டால் அவருக்குப் புரிந்துவிடும். வைத்துவிட்டேன். புது மருந்து இத்துடன் வருகிறது. பழையதற்குத் தேதி முடியப் போகிறது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பிச்சையம்மாள் கடையில் வைக்கச் சொல்லுங்கள். தைப்பூசம் முடிந்த மறுநாள் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், நேராக மதுரைக்குப் போகலாம். அதற்குள் மூச்சு முட்டினால் தைப்பூசமாவது ஒன்றாவது, ஆள் அனுப்புங்கள்.

புவனா


பூண்டி
6-2-2025

என் புவனாவுக்கு, உன் கடுதாசியை நீ அழுது நனைத்திருக்கிறாய், நாலு வரி படிக்கவே முடியவில்லை. நான் சுகம் என்று எழுதினால் நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை.

மார்கழி பிறந்த சமயத்தில் ஒரு நாள் இவர் பெட்டியைத் திறந்து பேனாவை எடுத்து, "கட்டியா இருக்கு" என்று உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதி உருக்கினார். குழந்தைக்குப் பால் ஆற்றுகிற மாதிரி. உருகின மருந்தில் கலங்கல் தெரிந்தது. அவர் மாடு பார்க்கப் போனதும் உள்ளே இருந்த சீட்டை எடுத்தேன். எல்லாம் இங்கிலீஷ். உறையவிடாதே என்கிற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. பத்தாவது படித்ததற்கு அது போதாதா?

மூன்று மாத மருந்தும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்றைக்கே சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நாள்கூட இதுக்குச் சூடு பட விட்டதில்ல கண்மணி" என்றார். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பிள்ளை போன அன்று ஜீப்பை ஓட்டியவர் இவர்தானே. கொஞ்சம் விரட்டி ஓட்டியிருந்தால் ரெண்டு உசிரும் தப்பியிருக்கும் என்று இன்றைக்கும் தூக்கத்தில் புலம்புகிறார். காட்டை விட்டு வாங்கின மருந்தைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் அவர் என்ன ஆவார்? மாசி பிறந்தால் பனி நின்றுவிடும், புது மருந்து வரும், அதுவரை தாக்குப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தினமும் பொழுது சாய வயிற்றைக் காட்டினேன். அவரும் கண்ணைத் திறந்துகொண்டே போட்டார்.

எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்று நீ எழுதியதை அவர் விடாமல் ஞாபகம் வைத்திருந்தார், அதனால் உன்னிடமும் சொல்ல மனம் வரவில்லை. நீ அன்பில் எழுதினாய். அவர் அன்பில் செய்தார். நான் யாரைத் திட்ட?

என் கணக்குதான் தப்பிவிட்டது போலிருக்கிறது. இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறேன். கால் ரெண்டும் வீங்கிவிட்டது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார்கள். புது மருந்து நேற்றில் இருந்து போடுகிறோம். நீ காரோடு வா, வருகிறேன். எனக்குச் சாக ஆசை இல்லை புவனா. வேர்த்துப் பார்த்தவள் நான், எனக்கு இன்னும் இருக்க வேண்டும்.

ஆனால் எது எப்படி ஆனாலும் அவருக்கு இது தெரியக் கூடாது. உன் பிள்ளைகள் மேல் ஆணை என்று எழுதத்தான் நினைத்தேன், எழுதவில்லை. நீ சொல்ல மாட்டாய்.

கண்மணி


பூண்டி
4-3-2025

தங்கச்சி புவனாவுக்கு அண்ணன் சுப்புராஜ் எழுதுவது. மாப்பிள்ளை, பிள்ளைகள் நலம் அறிய ஆவல். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அவள் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கருமாதி முடிந்து நீ போனதில் இருந்து வீட்டில் புகை போடவில்லை. நீ இருந்தபோது உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில்கூட அவள் நன்றாகத்தான் பேசினாள். "நாளைக்கழிச்சு உங்க தங்கச்சி கார்ல வர்றா, தலைக்கு ஊத்தணும்" என்று தண்ணீர் காய வைக்கச் சொன்னாள். காய வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், சுவரில் சாய்ந்தபடியே இருக்கிறாள். கூப்பிட்டேன். தூங்குகிறாள் என்று கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களே. அப்புறம் எப்படி? ஒரு நாள் ஊசி தவறியதில்லை. ஒரு நாள் சூடு பட்டதில்லை. நான் எங்கேயாவது தப்பாகச் செய்துவிட்டேனா? பழைய மருந்துக்குத் தேதி முடிகிறது என்று புதுசு அனுப்பினாய். ஊருக்கு வந்திருந்த டீச்சரிடம் பெட்டியைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். அடுத்த வருஷம் வரைக்கும் தேதி இருக்கிறது என்றார்கள். பிறகு ஏன் மாற்றினாய்?

புதுசை நீ எடுத்துப் போய்விட்டாய். பழையதில் உடைக்காத பேனா இன்னும் இருக்கிறது. எறிய மனசு வரவில்லை. அவளைப் போல எங்கேயாவது ஒரு பெண் வாங்க வழியில்லாமல் இருப்பாள். மதுரைக்கு நானே கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் கேட்கலாம் என்றுதான் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறியதும் அவள் உட்கார்ந்து வந்த சீட்டைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். மலைச்சாமியிடம் ஐஸ் டப்பாவில் கொடுத்து அனுப்புகிறேன். நீ கொண்டுபோய்க் கொடு. எப்படிப் பத்திரமாக வைத்திருந்தேன் என்று சொல்லிக் கொடு.

உண்மையை எழுது. உன் அண்ணன்,
சுப்புராஜ்


பழனி அடிவாரம்
19-3-2025

அன்புள்ள அண்ணனுக்கு உன் தங்கச்சி புவனா எழுதுவது. நாங்கள் நலம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. மதுரைக்குப் போய்விட்டு வந்து எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நீ ஒரு தப்பும் செய்யவில்லை அண்ணே. டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த இதயம் ஆறு வருஷமாகப் பட்டினி கிடந்த இதயம். நடுவில் தேறினாலும் அது எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது என்றார். நீ கொடுத்த மருந்துதான் மதினியை மேடு ஏற வைத்தது. நீ இல்லையென்றால் அந்த ஒரு வருஷம்கூட அவருக்குக் கிடைத்திருக்காது. ஜீப்பும் உன் தப்பில்லை. அந்த ரோட்டில் அதற்கு மேல் யாராலும் ஓட்ட முடியாது.

மருந்தை ஏன் மாற்றினேன் என்றால், புதிதாக வந்த வகை பலம் கூடியது என்று எழுதிக் கொடுத்தார்கள். உன்னிடம் சொன்னால் காட்டை விற்றுவிடுவாய் என்று பயந்து தேதியின் மேல் பழியைப் போட்டோம். அவ்வளவுதான்.

பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கே, யார் வெச்சிருந்தது?" என்று கேட்டார். எங்க அண்ணன் என்றேன். நத்தம் பக்கத்தில் இருந்து ஒரு பெண் வருகிறாளாம். அவளுக்கும் பிரசவத்தில்தான் இப்படி ஆகியிருக்கிறது. வாங்க வசதியில்லாமல் பாதியில் விட்டிருந்தாளாம். உன் மருந்தை அவளுக்குக் கொடுத்து ஆரம்பித்துவிட்டார்கள். மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதாம். பெயர் கேட்டேன், சொல்லக் கூடாதாம்.

நீ வைத்திருந்த மருந்து வீணாகவில்லை. சாப்பிடு அண்ணே. உன்னை நினைத்தால் எனக்கு இங்கே கடையில் உட்கார முடியவில்லை.

புவனா


பூண்டி
2-4-2025

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. எல்லோரும் நலமா? நான் இருக்கிறேன்.

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு அடுப்பு பற்ற வைத்துச் சோறு பொங்கினேன். அவள் போனதில் இருந்து பிச்சையம்மாள் கொடுத்து அனுப்பியதைத்தான் தின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத் தூக்கமும் வந்தது.

அந்தப் பெண்ணை ஒரு தடவை தூர நின்று பார்த்துவிட்டு வரலாமா என்று யோசித்தேன். வேண்டாம். பார்த்தால், இவளைக் காப்பாற்றின மருந்து நம்ம வீட்டு ஆளை ஏன் விட்டது என்று மனசு கேட்கும். அது பாவம். அவள் புருஷன் பிள்ளைகளோடு நல்லபடியாக இருக்கட்டும்.

நீ இனிமேல் எனக்குக் கடிதம் எழுதும்போது உங்கள் சுகத்தை எழுதிவிட்டு, அந்தப் பெண்ணின் சுகத்தையும் விசாரித்து ஒரு வரி எழுது. மாதம் ஒரு வரி. அது வந்தால் நான் இருந்துவிடுவேன்.

சுப்புராஜ்


பழனி அடிவாரம்
5-5-2025

அன்புள்ள அண்ணனுக்கு புவனா எழுதுவது.

இங்கே நான் சுகம். வீட்டுக்காரர் சுகம். பிள்ளைகள் சுகம்.

அந்தப் பெண்ணும் சுகம்.

தங்கச்சி
புவனா